மலைத் தேயிலை ஆலையில் ஆர்.எஸ்.485: எந்த இடத்துக்கு எந்தக் கேபிள்?

நீலகிரியில் ஒரு தேயிலை ஆலைக்குப் புதிய கட்டுப்பாட்டுக் கருவிகள் வாங்கும்போது பி.எல்.சி. (எல்லாக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் சிறு கணினி) எந்தக் கம்பெனியுடையது, திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் நாள்கணக்கில் பேசுவார்கள். அக்கருவிகளை இணைக்கும் கேபிளைப் பற்றிய முடிவு மட்டும், வயரிங் செய்ய வருபவரின் கையில் அன்று எது இருக்கிறதோ அதுவாகவே முடிந்துவிடும். ஆனால் மழைக்காலத்தில் திரையில் வெப்பநிலை எண்கள் மறைந்து கோடுகள் மட்டும் நிற்கும்போது, பழுது பெரும்பாலும் அந்தக் கேபிளிலோ அதன் முனைகளிலோதான் இருக்கும். ஆகவே ஆர்.எஸ்.485 தொடர்புக்கு (ஒரே ஜோடி வயரில் பல கருவிகள் மாறி மாறிப் பேசும் முறை) நம்முன் உள்ள வழிகளை, மலைக்கே உரிய நிலைமைகளை வைத்து ஒப்பிட்டு, எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு, கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட சரிவில் உள்ள ஓர் ஆலையை நினைத்துக்கொள்வோம். மேல் தளத்தில் கொழுந்தை வாட்டும் தொட்டிகளும் அவற்றின் விசிறிகளும், கீழ்த் தளத்தில் கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திர வரிசையும் டிரையரும் சலிக்கும் பகுதியும் இருக்கின்றன. வெளியே 60 மீட்டர் தள்ளி ஜெனரேட்டர் கொட்டகையும், சரிவின் அடியில் ஓடையோரமாக 450 மீட்டர் தள்ளிப் பம்ப் அறையும் உள்ளன. விசிறி மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி.கள், டிரையரின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், ஈரப்பத உணரிகள், மின்சார மீட்டர்கள் என 20 கருவிகள் மோட்பஸ் என்னும் பேச்சு முறை வழியாக ஒரே பி.எல்.சி.யுடன் பேச வேண்டும். முதன்மைக் கட்டடத்துக்குள் கேபிள் சுற்றிச் செல்லும் நீளம் 180 மீட்டர் என்று கொள்வோம்.

கேபிளைத் தேர்ந்தெடுக்கும் முன் நமக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மோட்பஸ் 1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை. சீரியல் கேபிளில் செல்லும் அதன் ஆர்.டி.யூ. வடிவில் ஓர் எழுத்துக்கு (ஒரு பைட்டுக்கு) 11 பிட்டுகள் செல்கின்றன. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்து ஏறக்குறைய 1.15 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். ஒரு கருவியின் பத்துப் பதிவேடுகளை (அளவுகளை வைத்திருக்கும் நினைவிடங்களை) கேட்பதற்கு 8 எழுத்துகளும் பதிலுக்கு 25 எழுத்துகளுமாக மொத்தம் 33 எழுத்துகள். அதற்கு 38 மில்லி விநாடி ஆகும். இடைவெளிகளையும் கருவி யோசித்துப் பதில் தரும் நேரத்தையும் சேர்த்து 60 மில்லி விநாடி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 20 கருவிகளையும் ஒரு சுற்று கேட்டு முடிக்க ஒன்றேகால் விநாடிக்கு மேல் ஆகாது. கொழுந்து வாடுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கிறது. டிரையரின் காற்று வெப்பநிலையும் விநாடிக்குள் தாவிவிடுவதில்லை. ஆகவே நமக்கு 9600 போதும். இந்த முடிவை முதலில் எடுத்துவிட்டால், பின்னால் வரும் பல கவலைகள் தாமாகவே குறைந்துவிடும்.

ஆர்.எஸ்.232-ஐ இந்தப் போட்டியிலிருந்து உடனே விலக்கிவிடலாம். அது இரண்டே கருவிகளுக்கானது. வழக்கமாக 15 மீட்டர்தான் அதன் எல்லை. இருபுறமும் ஒரே தரையைக் குறியாகக் கொண்டு மின்னழுத்தத்தை அளப்பதால், மோட்டார்கள் ஓடும் ஆலையில் அதன் இடம் பேனலுக்குள் மட்டுமே. எடைபோடும் கருவி ஆர்.எஸ்.232 மட்டுமே தருகிறது என்றால், அதன் பக்கத்திலேயே ஒரு கன்வெர்ட்டரை வைத்து 485-ஆக மாற்றிக்கொள்வது நல்லது. ஆர்.எஸ்.422 நெடுந்தூரம் போகும் என்றாலும் அனுப்புவதற்கு ஓர் இணை, பெறுவதற்கு ஓர் இணை என நான்கு வயர் கேட்கும், பல கருவிகள் மாறி மாறிப் பேசும் அமைப்புக்கு அது உருவாக்கப்பட்டதும் அன்று. மிஞ்சுவது 1983-இல் வந்த ஆர்.எஸ்.485. ஒரே முறுக்கு இணையில் 32 அலகுச் சுமை (சாதாரணக் கருவி ஒன்று ஓர் அலகு), குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் தூரம் என்ற அதன் வரம்புகளுக்குள் நம் ஆலை முழுவதும் அடங்கிவிடுகிறது.

முதன்மைக் கட்டடத்துக்குள் மூன்று வகைக் கேபிள்கள் போட்டியில் இருக்கின்றன: பி.வி.சி. உறையிட்ட சாதாரண இன்ஸ்ட்ருமென்டேஷன் கேபிள், ஆர்.எஸ்.485-க்கென்றே 120 ஓம் மின்மறுப்புடன் (ஓடும் சைகைக்குக் கேபிள் காட்டும் தடை) செய்யப்பட்ட ஷீல்டு (உலோகக் கவசமிட்ட) கேபிள், கணினி வலைப்பின்னலுக்குப் போடும் கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள்.

120 ஓம் கேபிளைத்தான் எல்லாக் கையேடுகளும் பரிந்துரைக்கின்றன. அதன் வயர்களைச் சுற்றிப் பாலிஎத்திலீன் காப்பு இருப்பதால், சைகையை மழுக்கும் மின்தேக்கம் மீட்டருக்கு 40 பிகோஃபாரட் அளவில் அடங்கிவிடுகிறது. கேபிளின் இரு கோடிகளிலும் போடும் 120 ஓம் ரெசிஸ்டருடன் கச்சிதமாகப் பொருந்துவதால் சைகை எதிரொலித்துத் திரும்புவதில்லை. ஆனால் நம் வேகத்துக்கு இந்தப் பொருத்தம் எவ்வளவு தேவை என்று பார்க்க வேண்டும். கேபிளில் சைகை ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 நானோ விநாடி ஆகிறது. 180 மீட்டர் போய்த் திரும்ப 1.8 மைக்ரோ விநாடி. 9600 வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோ விநாடி. பெறும் கருவி பிட்டின் நடுவில் பார்த்துத்தான் அது பூஜ்யமா ஒன்றா என்று முடிவெடுக்கிறது. அந்த நடுப்புள்ளி வருவதற்குள் எதிரொலி பலமுறை போய்வந்து அடங்கிவிடும். ஆகவே கேட்-5இ போன்ற 100 ஓம் கேபிளுக்கு 120 ஓம் ரெசிஸ்டர் போட்டாலும், கட்டடத்துக்குள் இந்த வேகத்தில் எந்தக் கேடும் வராது. அதிவேக இணைப்புக்கு எழுதப்பட்ட எச்சரிக்கைகளை அப்படியே எடுத்துக்கொண்டு பல ஆலைகள் வீண் செலவு செய்வதைப் பார்க்கிறேன்.

இதனால் கேட்-5இ கேபிளைக் குறைவாக மதிப்பிட நியாயமில்லை. சீரியல் மோட்பஸுக்கான விதிநூலே, கேட்-5 கேபிளை 600 மீட்டர் வரை பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. விலை குறைவு, ஊட்டியிலும் குன்னூரிலும் கடையில் கேட்டவுடன் கிடைக்கும், நான்கு இணைகள் இருப்பதால் ஒன்று அறுந்தால் இன்னொன்றுக்கு மாறலாம். அதன் ஓர் இணையின் மின்தடை போக வர 100 மீட்டருக்கு 19 ஓம் அளவில் இருக்கும். 180 மீட்டருக்கு 34 ஓம். அனுப்பும் சில்லு குறைந்தபட்சமாக 1.5 வோல்ட் தருகிறது என்று வைத்தாலும், கடைசிக் கருவிக்கு 1.1 வோல்ட்டுக்கு மேல் போய்ச் சேரும். பெறும் பக்கத்துக்குத் தேவை 0.2 வோல்ட்தான்.

ஆனால் கேட்-5இ வாங்குவதில் இரண்டு இடங்களில் ஏமாந்துவிட நேரும். முதலாவது, செம்பு பூசிய அலுமினியம். மலிவாகக் கிடைக்கும் பல சுருள்களில் வயரின் உள்ளே அலுமினியமும் மேலே மெல்லிய செம்புப் பூச்சும்தான் இருக்கின்றன. வாங்கும் முன் ஓர் அங்குலம் காப்பை உரித்து, கத்தி முனையால் வயரை அழுத்திச் சுரண்டிப் பார்த்தால் போதும்; உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அந்தச் சுருளை வைத்துவிட்டு வர வேண்டும். அதன் மின்தடை ஒன்றரை மடங்கு என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பனி மூட்டம் வாரக்கணக்கில் நிற்கும் ஊரில், டெர்மினல் ஸ்க்ரூவுக்குக் கீழே செம்பும் அலுமினியமும் ஈரமும் சேர்ந்தால் அந்த முனை வெண்தூளாக அரிக்கப்படுவதைத் தடுக்கவே முடியாது. இரண்டாவது, நல்ல செம்பாக இருந்தாலும் அது ஒற்றைக் கம்பி. சி.டி.சி. எந்திரத்தின் அருகில் உள்ள பெட்டிகளில் இரவு பகலாக அதிர்வு இருக்கும்; ஸ்க்ரூ அழுத்திய இடத்தில் ஒற்றைக் கம்பி களைத்து ஒடிந்துவிடும். அங்கே பல இழை வயரும் அதன் நுனியில் அழுத்திய ஃபெர்யூல் என்னும் சிறு உலோகக் குழலும்தான் தாக்குப்பிடிக்கும்.

பி.வி.சி. இன்ஸ்ட்ருமென்டேஷன் கேபிள் பல ஆலைகளில் ஏற்கெனவே மிச்சமாகக் கிடக்கும். தடிமனான பல இழை வயர், உறுதியான உறை, ஷீல்டும் உண்டு. அதன் மின்தேக்கம் கூடுதல். மின்மறுப்பு 120 ஓமுக்குக் குறைவு. 9600 வேகத்தில், 180 மீட்டருக்குள், இவ்விரு குறைகளும் வேலையைத் தடுக்காது. ஒவ்வொரு இணையும் தனித்தனியாக முறுக்கப்பட்டதா என்பதை மட்டும் உறையைப் பிளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். முறுக்கில்லாத பல வயர் கன்ட்ரோல் கேபிளை எடுத்துப் போடுவதைவிட எதுவும் போடாமலிருப்பது மேல். ஏனெனில் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு வயரிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று கழித்துக்கொள்வதற்குக் காரணமே அந்த முறுக்குதான்.

ஆக, கட்டடத்துக்குள் என் தேர்வு கலவையானது. வி.எஃப்.டி. பேனல்களும் சி.டி.சி. வரிசையும் உள்ள பகுதிக்குப் பல இழை வயருடன் கூடிய 120 ஓம் ஷீல்டு கேபிள். அங்கே அதன் விலை நியாயமானது. ஈரப்பத உணரிகள் மட்டும் உள்ள அமைதியான வாட்டு மாடிக் கோடிக்கு நல்ல செம்பில் செய்த ஷீல்டு கேட்-5இ போதும். எதைப் போட்டாலும் மோட்டார் கேபிளிலிருந்து ஓர் அடியாவது தள்ளிக் கொண்டுபோவதும், கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடப்பதும், கேபிள் வகையைவிட முக்கியமானவை.

இரண்டு வயர் தொடர்பு என்று பெயர் இருப்பதால் மூன்றாவது வயரை விட்டுவிடுவது பரவலான பழக்கம். சைகையைச் சுமக்கும் ஏ, பி வயர்கள் இரண்டும் ஒரே இணையில் போக வேண்டும். இன்னோர் இணையின் இரண்டு வயர்களையும் சேர்த்து முறுக்கி, பொது முனையாக எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுபோக வேண்டும். பெறும் சில்லு தாங்கும் பொது மின்னழுத்தம் (இரு வயர்களும் சேர்ந்தே அதன் தரையிலிருந்து விலகும் அளவு) −7 முதல் +12 வோல்ட் வரைதான். பொது வயர் இல்லாவிட்டால் அந்த எல்லையைக் காப்பது எர்த்தின் தயவில் விடப்படுகிறது. ஷீல்டைப் பொது வயராகப் பயன்படுத்தக் கூடாது, அது பி.எல்.சி. பேனலில் ஒரு முனையில் எர்த் ஆகட்டும், மறுமுனையில் டேப் சுற்றி நிற்கட்டும். கேபிள் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகச் செல்ல வேண்டும். கிளை பிரித்தே ஆக வேண்டுமென்றால் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது. ரெசிஸ்டர் இரண்டு கோடிகளில் மட்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ, பி இரண்டுக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் 60 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். 40 காட்டினால் யாரோ நடுவில் ஒரு கருவியின் சுவிட்சைத் தள்ளி மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டார்கள் என்று பொருள்.

ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிச் சுவரில் உள்ள பெட்டிக்குக் கேபிளை மேலிருந்து நுழைத்தால், கிளாண்டு (கேபிள் நுழையும் துளையின் இறுக்கி) எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஓரிரு மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்துவிடும். உறையில் எலி கடித்த சிறு துளை வழியாகப் புகும் நீரும் ஷீல்டின் பின்னலில் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறி, பல மீட்டர் தள்ளியுள்ள பேனலின் டெர்மினலில் வந்து பச்சைக் களிம்பாகப் பூத்து நிற்கும். களிம்பைத் துடைத்து ஸ்க்ரூவை இறுக்கினால் அன்று வேலை செய்யும், அடுத்த பனிக்கு மறுபடி நிற்கும். நனைந்த கேபிளை அந்த நீளத்துக்கு மாற்றினால்தான் தீரும். பெட்டிக்குக் கீழ்ப்பக்கமாக மட்டுமே நுழைவு வைத்து, நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டால், தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டி விழுந்துவிடும்.

இனிக் கட்டடத்தை விட்டு வெளியே வருவோம். இந்த ஒப்பீட்டின் மையம் இதுதான் என்பேன்.

பம்ப் அறைக்கு 450 மீட்டர் செம்புக் கேபிள் போட்டால் சைகை போய்ச் சேருமா என்றால், சேரும். மின்தடை 85 ஓம், 1.5 வோல்ட்டில் 0.85 வோல்ட்டுக்கு மேல் எஞ்சும். மேசைமேல் போட்ட கணக்கில் எந்தக் குறையும் இல்லை. இந்தக் கணக்கை நம்பித்தான் பலரும் சில்வர் ஓக் மரத்துக்கு மரம் கேபிளைக் கட்டிக் கீழே இறக்கிவிடுகிறார்கள். வேலை முடித்த அன்று எல்லாம் நன்றாக ஓடும். பிறகு ஏப்ரல், மே மாதக் கோடை மழையும் அக்டோபர் மழையும் இடியோடு வருகின்றன. ஓர் இடிக்குப் பிறகு பம்ப் அறைக் கருவியும், அதே கேபிளில் தொங்கும் டிரையர் கருவிகளும், பி.எல்.சி.யின் தொடர்பு முனையும் சேர்ந்தே போய்விடுகின்றன.

காரணம் எர்த். ஆலைக்கு ஓர் எர்த் குழி, பம்ப் அறைக்கு வேறோர் எர்த் குழி. சரிவில் சில அடிக்குக் கீழேயே பாறை தட்டும் இடங்கள் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்தால் எர்த் தடை மேலும் ஏறும். ஒரு குழியின் தடை 5 ஓம் என்று நல்லதாகவே வைத்துக்கொள்வோம். அருகில் விழுந்த மின்னலில் 1000 ஆம்பியர் பங்கு மட்டும் அந்தக் குழியில் இறங்கினாலும், அந்தக் கட்டடத்தின் எர்த் முழுவதும் ஒரு கணம் 5000 வோல்ட்டுக்கு உயர்கிறது. மின்னலின் முழு ஓட்டமோ பல பத்தாயிரம் ஆம்பியர் வரை போகக்கூடியது. மேலே உள்ள ஆலை அந்தக் கணத்தில் பூஜ்யத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த வித்தியாசத்தைச் சமன்செய்ய நாமே மெல்லிய செம்பு வயர் ஒன்றை இழுத்து, அதன் முனையில் 12 வோல்ட் தாங்கும் சில்லை வைத்திருக்கிறோம். மின்னல் கேபிளின்மேல் விழ வேண்டிய தேவையே இல்லை.

இதற்கு மூன்று மாற்றுகள் உண்டு. முதலாவது, செம்பையே வைத்துக்கொண்டு இரு முனைகளிலும் ஐசொலேட்டரும் (மின் இணைப்பைத் துண்டித்துச் சைகையை மட்டும் கடத்துவது) சர்ஜ் புரொடெக்டரும் (திடீர் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்புவது) போடுவது. ஐசொலேட்டர்களின் தாங்கு திறன் பொதுவாக 2500 வோல்ட் போன்ற அளவில் இருக்கும். மேலே போட்ட கணக்கில் அது போதவில்லை. சர்ஜ் புரொடெக்டர் தன் வேலையைச் செய்வதே எர்த் வழியாகத்தான். எர்த் கெட்டுக் கிடந்தால் அதுவும் கெட்டது. மேலும் அது அடி வாங்கிய பிறகு மாற்றப்பட வேண்டிய பொருள். அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இரண்டாவது ஒளியிழை. கண்ணாடிக்கு எர்த் வித்தியாசம் தெரியாது. ஓடையில் நனைந்தாலும் களிம்பு ஏறாது. மோட்டாரின் மின் இரைச்சல் ஏறாது. சிங்கிள் மோடு இழையில் (ஒளி ஒரே பாதையில் செல்லும் வகை) 450 மீட்டருக்கு இழப்பு 0.2 டெசிபெலைக்கூட எட்டாது. சீரியல் ஒளியிழைக் கன்வெர்ட்டர்கள் இரண்டு வாங்கினால் பி.எல்.சி. நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. முன்பெல்லாம் இழையை ஒட்டுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர வேண்டும் என்பதுதான் பெரிய தடையாக இருந்தது. இப்போது வீட்டு இணைய இணைப்புக்காகக் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இழை ஒட்டும் எந்திரத்தோடு ஆட்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் அன்றே வந்து ஒட்டித் தருவார்கள். அதனால் அவர்களிடம் உள்ள சிங்கிள் மோடு வகையையே வாங்குவது புத்திசாலித்தனம். பழைய தொழிற்சாலைக் கன்வெர்ட்டர்களில் வரும் மல்டி மோடு வகை தூரத்துக்குப் போதுமென்றாலும் உள்ளூரில் ஒட்ட ஆள் தேட நேரிடும்.

ஒளியிழையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வீட்டு இணைப்புக்கு வரும் மெல்லிய கேபிளில் தொங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பி இருக்கும். எலி கடிக்காமலிருக்க எஃகுத் தகடு சுற்றிய வகையும் உண்டு. அந்த எஃகை இரு கட்டடத்துக்குள்ளும் கொண்டுவந்தால், கண்ணாடி போட்டு எதை விலக்கினோமோ அதையே வேறு வாசல் வழியாக உள்ளே அழைத்ததாகிவிடும். ஆகவே உலோகமே இல்லாத, கண்ணாடி நார் வலுவூட்டிய வகையைக் கேட்டு வாங்கி, தடித்த எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் குழாய்க்குள் புதைக்க வேண்டும். குழாய் எலியிடமிருந்தும் களைக்கொத்திடமிருந்தும் காக்கும். மரக்கிளை ஒடிந்து விழும் கவலையும் காட்டெருமை முட்டும் கவலையும் இராது. மற்றொன்று, பம்ப் அறைக் கன்வெர்ட்டருக்கு வேண்டிய 24 வோல்ட்டை அந்த அறையின் மின்சாரத்திலிருந்தே எடுக்க வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்து ஆலையிலிருந்து இழையோடு கூட ஒரு ஜோடி வயரில் அனுப்பினால் செம்பு மறுபடி வந்துவிட்டது.

மூன்றாவது, வயரில்லாத ரேடியோ. இந்தியாவில் உரிமம் இன்றிப் பயன்படுத்தத்தக்க 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் மோடம்களுக்குப் பனிமூட்டம் ஒரு பொருட்டே அன்று. ஆனால் மலை முகடும், மழையில் நனைந்த அடர்ந்த மரக்கூட்டமும் பொருட்டுதான். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் இடத்தில், உதாரணமாகப் பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் உள்ள நீர்த்தொட்டிக்கு, நடுவில் பிறர் நிலமோ வனத்துறை நிலமோ இருந்து தோண்டவும் முடியாது என்றால் ரேடியோதான் சரியான வழி. பி.எல்.சி.யில் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். பம்பை நிறுத்தும் கட்டளை அதன் வழியாகப் போவதானால், தொடர்பு அறுந்தால் பம்ப் தானாக நின்றுவிடும்படி அந்த அறையிலேயே ஏற்பாடு இருக்க வேண்டும். ஓடையோரப் பள்ளத்தில் உள்ள நம் பம்ப் அறை ஆலையிலிருந்து கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஆகவே அதற்கு ஒளியிழைதான்.

60 மீட்டரில் உள்ள ஜெனரேட்டர் கொட்டகையைப் பற்றி இரு கருத்து இருக்கலாம். அதன் எர்த்தும் ஆலையின் எர்த்தும் தடித்த பட்டையால் முறையாக இணைக்கப்பட்டிருந்து, இரண்டும் ஒரே எர்த் என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தால், ஐசொலேட்டருடன் 120 ஓம் ஷீல்டு கேபிள் ஏற்கத்தக்கதே. அந்தப் பட்டை புதைந்து, துருப்பிடித்து, எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத நிலையில் இருந்தால் அங்கும் ஒளியிழையைத்தான் போடச் சொல்வேன். பம்ப் அறைக்காக இழை ஒட்டும் ஆள் எப்படியும் வரப்போகிறார். கூடுதல் செலவு இரண்டு கன்வெர்ட்டர்களும் சிறிது இழையும்தான்.

செலவைக் கணக்கிடும்போது கேபிளின் மீட்டர் விலையை மட்டும் பார்ப்பது மலைக்குப் பொருந்தாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பாதைகளில் மண் சரிந்தால் ஆளும் வர முடியாது, பொருளும் வர முடியாது. 2009 நவம்பரில் நீலகிரி அதைப் பார்த்திருக்கிறது. பறித்த கொழுந்தோ காத்திருக்காது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே மாதிரிக் கன்வெர்ட்டர்களையே எல்லா இடத்துக்கும் வாங்கி, அவற்றில் ஒன்றை வேகமும் சுவிட்சுகளும் அமைத்த நிலையில் ஸ்டோரில் உபரியாக வைத்திருக்க வேண்டும். அதனுடன் இரண்டு 120 ஓம் ரெசிஸ்டர்களும், இரு முனையும் ஒட்டிய ஓர் இழைத் துண்டும் இருந்தால், இரவுப் பணியில் உள்ள எலக்ட்ரீஷியனே மாற்றிவிடலாம்.